26 முறை ‘தெரியும்’

வாசகர் ஒருவரின் கேள்வி, 2024 ஜனவரி 6

அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸ் பாடிய ‘ஐன்ட் நோ சன்ஷைன்’ பாட்டை இங்கே எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள். மொத்தமே இரண்டு நிமிடம். பல்லவி கிடையாது. நடுவில் கீறல் விழுந்த இசைத்தட்டு மாதிரி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். நம் பாடலாசிரியர் ஒருவர் இப்படி எழுதியிருந்தால் ஆளுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருப்போம். 1971-இல் வந்தது இன்னும் ஏன் ஓடுகிறது?

ஜனவரி 6, இரவு

சரக்கு தீர்ந்துதான் போனது. நீங்கள் கிண்டலுக்குச் சொன்னது அப்படியே உண்மை.

அந்த இடத்தில் இன்னும் சில வரிகள் எழுத வேண்டும் என்பது விதர்ஸின் எண்ணம். அதுவரைக்கும் பஸ் சீட்டில் துண்டு போடுவது போல ‘ஐ நோ, ஐ நோ’ (தெரியும், தெரியும்) என்று பாடி இடம் பிடித்து வைத்தார். ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர்கள் அப்படியே விட்டுவிடு என்றார்கள். அவர்கள் கைதேர்ந்தவர்கள், தானோ தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன், அதனால் மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

துண்டு போட்ட ஆள் வரவேயில்லை. துண்டே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது.

27 முறை சொல்கிறார். எண்ணியிருக்கிறேன்.

ஜனவரி 7

‘கைதேர்ந்தவர்கள்’ யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸ். டிரம்ஸ் அல் ஜாக்சன், பேஸ் கிதார் டொனால்ட் ‘டக்’ டன். மூவரும் மெம்பிஸின் ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்துப் பாட்டுகளுக்கு முதுகெலும்பாக இருந்தவர்கள். கிதார் ஸ்டீபன் ஸ்டில்ஸ். இப்படி ஒரு கூட்டத்துக்கு நடுவில், ஒரு தொகுப்பு கூட வெளியிடாத முப்பத்திரண்டு வயது மனிதர் வந்து உட்கார்கிறார்.

முதல் நாள், தொழிற்சாலை வேலைக்குப் போகும் அதே கனத்த பூட்ஸோடு, பாட்டு எழுதிய நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாராம். உள்ளே இருக்கும் ஆட்களைப் பார்த்தவுடன் புக்கர் டி-யைத் தனியாக அழைத்து, இந்தப் பாட்டுகளையெல்லாம் யார் பாடப் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். நீதான் என்றார் அவர். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. முப்பது ஆண்டு டூல்ரூமில் இருந்தவன் நான். வரைபடத்தைக் கையில் கொடுத்து ‘நீயே செய்’ என்று முதல் தடவை சொன்ன நாளில் எனக்கும் அப்படித்தான் திரும்பிப் பார்க்கத் தோன்றியது, பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று.

அந்த முதல் தொகுப்பின் அட்டைப்படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மதிய இடைவேளையில், அவர் வேலை பார்த்த வெபர் விமானத் தொழிற்சாலையிலேயே எடுத்தது. கையில் சாப்பாட்டுப் பெட்டி. போஸ் கொடுக்க வாங்கிய பெட்டி இல்லை. உள்ளே சாப்பாடு இருந்திருக்கும்.

ஜனவரி 7, சற்றுக் கழித்து

அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைச் சொல்லாமல் விட்டேன். போயிங் 747 விமானங்களுக்குக் கழிவறை இருக்கைகள். பாட்டு நன்றாக விற்றுத் தங்க இசைத்தட்டு விருது வாங்கியபோது இசைத்தட்டு நிறுவனம் அவருக்குத் தங்கநிறக் கழிவறை இருக்கை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தது. அட்டைப்படத்தில் டிபன் பாக்ஸ் பிடித்த ஆளுக்கு வேறு என்ன கொடுப்பது.

ஜனவரி 9

‘ஏன் இன்னும் ஓடுகிறது’ என்ற கேள்விக்கு வருகிறேன். மூன்று நாளாக யோசித்து ஒன்று தோன்றியது.

விதர்ஸுக்குத் திக்குவாய். மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் 1938-இல் பிறந்தவர். ஆறு பிள்ளைகளில் கடைசி. பதின்மூன்று வயதில் அப்பா இறந்துவிட்டார். பதினேழு வயதில் கடற்படைக்குப் போய் ஒன்பது ஆண்டு இருந்தார். 28 வயது வரைக்கும் திக்கல் விடவில்லை.

என் தம்பிக்கும் திக்குவாய். சின்ன வயதில் கடைக்குப் போய் ‘கடலைப் பருப்பு’ என்று கேட்க முடியாமல் துவரம் பருப்பு வாங்கி வந்து அம்மாவிடம் அடி வாங்கியவன். ‘க’ வராது, ‘து’ வரும். ஆகவே வீட்டில் எப்போதும் துவரம் பருப்பு.

அந்த 27 ‘ஐ நோ’ வேறு எதுவும் இல்லை, ஒரு திக்குவாய்க்காரனின் திக்கல்தான் என்பது என் எண்ணம். சொல்ல வந்தது தொண்டையில் நிற்கிறது, வந்த ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். கேட்கிறவனுக்கு அவன் அறியாமலே அது உறைக்கிறது. பிரிவில் இருக்கும் எல்லோரும் திக்குவாய்க்காரர்களே.

ஜனவரி 10

27 இல்லை, 26. மன்னிக்கவும்.

மகளோடு உட்கார்ந்து, ஒவ்வொரு ‘ஐ நோ’வுக்கும் ஒரு புளியங்கொட்டையைத் தட்டில் போட்டு எண்ணினோம். முதல் தடவை 25. இரண்டாம் தடவை 26. மூன்றாம் தடவை அவள் 26, நான் 27. அவர் சீராகச் சொல்வதில்லை, இடையில் வேகம் கூட்டுகிறார், மூச்சு வாங்காமல் ஒன்றின் வாலில் மற்றொன்றைக் கட்டுகிறார். கொட்டை போடும் கை பின்தங்கிவிடுகிறது. என் கணக்கில் கூடுதலாக வந்த ஒன்று, அடுத்த வரியின் தொடக்கம். மகள் கண்டுபிடித்தாள்.

ஜனவரி 16, மாட்டுப்பொங்கல்

தம்பி பொங்கலுக்கு வந்திருந்தான். ஒன்பதாம் தேதி எழுதியதைப் படித்துக் காட்டினேன். கடைசி வரி வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

அவன் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன், ஏனென்றால் சொல்ல அவனுக்கு நேரம் பிடித்தது. முதலாவது, திக்குகிறவர்கள் பாடும்போது பெரும்பாலும் திக்குவதில்லை. அவனே கோயில் பஜனையில் தங்குதடையில்லாமல் பாடுவான், எனக்குத் தெரிந்ததுதான், எழுதும்போது மறந்துவிட்டேன். இரண்டாவது, திக்கல் என்றால் சொல் வெளியே வராமல் முதல் எழுத்தில் மாட்டிக்கொள்வது. முழுதாக இரண்டு சொல்லை அழகாக உச்சரித்து அதையே 26 தடவை ஓட்டுவது திக்கல் இல்லை, சரளம். ‘அண்ணே, எனக்கு அது வந்தால் நான் ஏன் துவரம் பருப்பு வாங்குகிறேன்’ என்றான்.

மூன்றாவதாக ஒன்று சொன்னான். திக்குவாயை வைத்து உவமை சொல்லாதே.

ஆகவே ஒன்பதாம் தேதிக் குறிப்பின் பின்பாதியை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பருப்புக் கதை மட்டும் நிற்கட்டும்.

ஜனவரி 20

‘நாட்டிங் ஹில்’ படத்தால்தான் இந்தப் பாட்டே தெரியும் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். 1999-இல் வந்த படம். காதலி போன பிறகு கதாநாயகன் சந்தைத் தெருவில் நடக்கிறான், அவன் நடக்க நடக்கப் பருவங்கள் மாறுகின்றன. நல்ல காட்சி. ஆனால் பாட்டை அது கொஞ்சம் வளைத்துவிட்டது. படத்தில் அவள் ஒரு தடவை போனாள், அவன் ஆண்டு முழுக்க வாடினான். பாட்டில் அப்படியா இருக்கிறது?

வரிகளை நிதானமாகக் கேளுங்கள். அவள் போகும்போதெல்லாம் வெயில் இல்லை என்கிறார். போனால் எப்போதும் நெடுநாள் கழித்தே வருகிறாள் என்கிறார். இந்தத் தடவை எங்கே போயிருப்பாள், ஒரேயடியாகப் போய்விட்டாளோ என்று யோசிக்கிறார். ‘இந்தத் தடவை’ என்றால் முன் தடவைகள் உண்டு. அவள் போகிறாள், வருகிறாள், மறுபடி போகிறாள். அவருடைய நோய் பிரிவு இல்லை, பிரிவின் வாடிக்கை.

இந்தப் பாட்டின் விதை ஒரு படத்தில் இருக்கிறது. 1962-இல் வந்த ‘டேஸ் ஆஃப் ஒயின் அண்ட் ரோசஸ்’. ஜாக் லெமனும் லீ ரெமிக்கும் கணவன் மனைவி, இருவரும் குடிக்கு அடிமை. அதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோதுதான், கெடுதல் என்று தெரிந்த ஒன்றை மனிதர் மறுபடி மறுபடி தேடிப் போவது பற்றி விதர்ஸ் யோசித்திருக்கிறார். அதை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் ‘அவள்’ என்பது பெண்தானா என்றே சந்தேகம் வரும். புட்டியும் போகும், வரும்.

ஜனவரி 20, சற்றுக் கழித்து

புட்டி என்பதில் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டேன். பெண்தான். அந்த இளம் பெண்ணை விட்டுத் தொலைக்க வேண்டும் என்று ஒரு வரியே இருக்கிறது.

ஜனவரி 21

அந்த வரி எங்கே வருகிறது என்று நேற்றுப் படுத்த பிறகு யோசித்தேன். 26 ‘ஐ நோ’ முடிந்த உடனே வருகிறது! ‘தெரியும் தெரியும் தெரியும்... அவளை விட்டுவிட வேண்டியதுதான், ஆனாலும் வெயில் இல்லையே.’

நம் வீட்டில் ‘தெரியும், தெரியும்’ என்று எப்போது சொல்கிறோம்? ஒருவர் புத்தி சொல்லும்போது. சர்க்கரை இருக்கிறதே, இனிப்பைக் குறைக்கக் கூடாதா? தெரியும், தெரியும். அவனுக்குக் கடன் கொடுத்தாயே, திருப்பித் தருவான் என்றா நினைக்கிறாய்? எனக்குத் தெரியும். சொல்கிறவர் வாயை மூடுவதற்காகச் சொல்லும் சொல் அது. இரண்டு தடவை சொன்னால் ‘போதும், நிறுத்து’ என்று பொருள். நான்கு தடவை சொன்னால் நிறுத்தாவிட்டால் அழுதுவிடுவேன் என்று பொருள்.

26 தடவை சொல்கிறார். எதிரில் யாரோ நின்று விடாமல் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆள் பாட்டில் இல்லை, பேச்சும் கேட்பதில்லை, பதில் மட்டும் நமக்குக் கேட்கிறது. தொலைபேசியில் ஒரு பக்கத்துப் பேச்சைக் கேட்பது போல. எழுதவிருந்த வரிகள் அங்கே வந்திருந்தால் அவர் தன் துயரத்தை விளக்கியிருப்பார், அது மற்ற நூறு பாட்டுகளோடு நூற்றொன்றாகியிருக்கும். விளக்கம் கேட்டு நிற்கிறவனிடம் ‘தெரியும்’ என்பதற்கு மேல் என்ன சொல்வது?

தொடங்கி வைத்த நண்பருக்கு இதுதான் என் பதில். இனி மாற்ற மாட்டேன் என்று உறுதி சொல்ல முடியாது.

ஜனவரி 28, விடிகாலை 2 மணி

தூக்கம் வரவில்லை. இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

என் மனைவி குவைத்தில் நர்ஸாக 14 ஆண்டு இருந்தாள். ஆண்டுக்கு ஒரு மாதம் விடுப்பு. வீட்டுக் கடன், பிறகு நாத்தனார் கல்யாணம், பிறகு மகள் படிப்பு. வந்த முதல் வாரமே சமையலறையைத் தலைகீழாக மாற்றிவிடுவாள். கடுகு டப்பா மேல் தட்டுக்குப் போகும், மிளகு கீழே வரும், சர்க்கரை இருந்த இடத்தில் ரவை. அவள் முறைப்படி வைத்தால்தான் அவளுக்குச் சமைக்க வரும். முப்பது நாள் முடிந்து விமானம் ஏற்றிவிட்டு வந்தால், கடுகு தேட எனக்கு ஒரு வாரம். எல்லாம் எங்கே இருக்கிறது என்று கை பழகும்போது ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகியிருக்கும். மறுபடி வருவாள். மறுபடி மாற்றுவாள்.

ஒரு தடவையும் நான் பழைய இடத்துக்கு எடுத்து வைத்ததில்லை.

தெருவில் எல்லோரும் கேட்பார்கள். கடன்தான் முடிந்ததே, வரச் சொல்லக் கூடாதா? பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக எத்தனை நாள்? தெரியும், தெரியும்.

இந்தப் பாட்டை எனக்கு ஒரு கேசட்டில் கொடுத்தவர் எங்கள் டூல்ரூமில் சீனியர். நைட் ஷிப்ட் இடைவேளையில் லேத்துகளை நிறுத்திய பிறகு கேட்போம். ஆங்கிலம் அப்போது எனக்கு அவ்வளவு பிடிபடாது. முதலில் புரிந்த சொற்கள் அந்த ‘ஐ நோ’தான். மற்றவை புரிய நாளாயிற்று. புரிந்தபோது வியப்பாக இல்லை.

பிப்ரவரி 2

யாரும் பதில் எழுதவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுதியதற்கு அதுதான் தண்டனை. வாத்தியங்களுக்குப் போவோம்.

‘ஐ நோ’ இடத்தில் எல்லா வாத்தியமும் நின்றுவிடுவதாக ஒருவர் எழுதியிருந்தார், நானும் தலையாட்டியிருந்தேன். தவறு. ஹெட்போனில் கேட்டேன். கிதாரும் பேஸும் வயலின்களும் ஒதுங்கிக்கொள்கின்றன, அல் ஜாக்சனின் டிரம்ஸ் மட்டும் பக்கத்திலேயே நடந்து வருகிறது. ஆடம்பரம் எதுவும் இல்லை, தாளம் மட்டும். புலம்புகிறவனோடு பேசாமல் நடந்து வரும் நண்பன் மாதிரி. டிரம்ஸும் நின்றிருந்தால் அந்த இடம் நாடகமாகியிருக்கும்.

இன்னொன்று, பாட்டுக்கு முன்னிசை கிடையாது. எடுத்த எடுப்பில் குரல். வயலின்கள் உடனே வருவதில்லை, அவர் ஒரு சுற்றுப் பாடி முடித்த பிறகே சேர்கின்றன. மெட்டு மிக எளிது, மைனர் சுரங்களில் தொடங்கின இடத்துக்கே திரும்பி வரும். புது கிதார்க்காரர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாட்டுகளில் இது இருப்பதற்கு அதுவும் காரணம். வாசிப்பது எளிது. பாடும்போதுதான் பலரும் வழுக்குகிறார்கள்: 26 தடவையையும் அலங்காரமாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கதி போடுகிறார்கள். புத்தி சொல்கிறவனிடம் யாராவது சங்கதி போட்டுத் ‘தெரியும்’ என்பார்களா?

மைக்கேல் ஜாக்சன் பாடியது உயர்ந்தது என்று ஒரு கட்சி இங்கே இருக்கிறது. 1972-இல், 13 வயதில் பாடியது. குரல் தேன்தான். ஆனால் பதின்மூன்று வயதுப் பையன் அவளை விட்டுத் தொலைக்க வேண்டும் என்று பாடும்போது எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பலாம் போலிருக்கிறது.

பிப்ரவரி 3

இது முல்லைத் திணையா பாலைத் திணையா என்று கேட்டவருக்கு: இருத்தல் முல்லை, பிரிதல் பாலை. வீட்டுக்குள் இருந்து ஏங்குவதால் முல்லை என்று சொல்லலாம். ஆனால் முல்லையில் கார்காலம் வந்தால் தலைவன் வருவான் என்ற கெடு இருக்கிறது, ஆற்றுவிக்கத் தோழி இருக்கிறாள். இங்கே கெடுவும் இல்லை, தோழியும் இல்லை. அதோடு வீட்டில் காத்திருப்பது ஆண். எந்தத் திணையிலும் அடைக்காமல் விடுங்கள். மேற்கு வர்ஜீனியாவில் பிறந்த மனிதருக்கு நாம் ஏன் நிலம் ஒதுக்க வேண்டும்?

பிப்ரவரி 4

முதல் கேள்வி கேட்ட நண்பர் திரும்பி வந்திருக்கிறார். ‘சரி, இவ்வளவு பெரிய பாட்டென்றால் நிறுவனமே ஏன் இசைத்தட்டின் பின்பக்கத்தில் போட்டது’ என்கிறார். உண்மைதான். 1971-இல் சசெக்ஸ் நிறுவனம் தட்டின் முன்பக்கத்தில் ‘ஹார்லெம்’ பாட்டைப் போட்டது. ரேடியோக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். பின்பக்கம் அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் வரைக்கும் போனது, அடுத்த ஆண்டு கிராமி விருதும் வாங்கியது. நிறுவனத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதியில் காசு இல்லாமல் ஒலிப்பதிவை ஆறு மாதம் நிறுத்தி வைத்த சின்ன நிறுவனம் அது. ஆனாலும் அந்த மனிதரை வேறு யாரும் சீண்டாத நாளில் சீண்டியவர்கள் அவர்கள்தான்.

தொகுப்பு வெளிவருவதற்குச் சில மாதம் முன்பு தொழிற்சாலையில் ஆட்குறைப்பில் வேலை போனது. பாட்டு ஓடிய பிறகு ஒரே நாளில் இரண்டு கடிதம். ஒன்று, வேலைக்குத் திரும்பி வரச் சொல்லி. மற்றொன்று, ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைத்து. முதல் கடிதத்தை எத்தனை தடவை படித்திருப்பார் என்று யோசிக்கிறேன். நானாக இருந்தால் அதைத்தான் பத்திரப்படுத்தியிருப்பேன்.

1985-க்குப் பிறகு அவர் புதுத் தொகுப்பே போடவில்லை. நிறுவனத்தாரோடு ஒத்துப்போகவில்லை, ஒதுங்கிவிட்டார். 2015-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது ஸ்டீவி வொண்டர் இந்தப் பாட்டைப் பாட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். 2020 மார்ச் 30-இல் காலமானார், 81 வயது.

பிப்ரவரி 11

ஞாயிற்றுக்கிழமை. மனைவி ஊரோடு வந்து எட்டு ஆண்டு ஆகிறது. எத்தனையோ தடவை இந்தப் பாட்டு வீட்டில் ஓடியிருக்கிறது, அவள் காது கொடுத்துக் கேட்டதில்லை. இன்று மகள் இந்தக் குறிப்புகளை அவளிடம் காட்டிவிட்டாள். கடுகு உட்பட.

பாட்டைப் போடச் சொன்னாள். கேட்டாள். வரிக்கு வரி தமிழில் சொன்னேன். கடைசி வரைக்கும் பேசவில்லை.

‘நல்ல பாட்டுதான்’ என்றாள். பிறகு, ‘அவனுக்கு இங்கே வெயில் இல்லை, சரி. போனவளுக்கு அங்கே வெயில் இருந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டானா?’

எங்கே போனாளோ என்று கேட்கிறாரே என்றேன். ‘எங்கே என்று கேட்கிறான். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை’ என்றாள். அங்கே அறுபது படுக்கை வார்டில் நின்ற கதையை, நான் கேட்டிராத இரண்டு மூன்று கதைகளை, அரை மணி நேரம் சொன்னாள். அவற்றை இங்கே எழுத மாட்டேன்.

ஜனவரி 21 குறிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதிரில் நின்று புத்தி சொல்கிற ஆள் யாரோ என்று எழுதியிருந்தேன். வாசலில் பெட்டியோடு நிற்கிற அவளாகவே ஏன் இருக்கக் கூடாது? ‘நான் போகத்தான் வேண்டும், உனக்கே தெரியும்’ என்று அவள் சொல்ல, இவர் ‘தெரியும், தெரியும்’ என்கிறார். வரிகள் இதற்கு இடம் தருமா என்று நாளை பார்க்கிறேன். இடம் தராது என்றுதான் நினைக்கிறேன், அவள் போய்விட்ட பிறகு பாடும் பாட்டு அது.

பிப்ரவரி 12

இடம் தரவில்லை.

கார்னகி ஹால் மேடையில் 1972 அக்டோபரில் பாடியபோதும் 26 தடவைதானா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தத் தொகுப்பு என்னிடம் இருக்கிறது. எண்ணிச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். புளியங்கொட்டை டப்பாவை எங்கோ மாற்றி வைத்திருக்கிறாள்.